சொல் நிற்கக் குறிப்பு நீங்கும் நிலை: வலப்பக்க மூளைப் பாதிப்பும் தமிழ்க் கருத்துப் பரிமாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

பக்கவாதத்தால் மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டோருள் பலர் சொல்லும் தொடரும் பிழையாமல் பேசுகின்றனர். ஆயினும் பிறர் கூற்றின் குறிப்பை உணர்தல், குரலில் உணர்ச்சியைக் காட்டல், பேச்சின் மையப்பொருளைப் பற்றி நிற்றல் ஆகியவற்றில் இடர்ப்படுகின்றனர். இவ்விடர்ப்பாடு நோயின் விளைவாக அறியப்படாமல் குணமாற்றமாகக் கொள்ளப்படுவதால் மருத்துவ உதவிக்கு அப்பால் நின்றுவிடுகின்றது. இந்நிலையின் கூறுகளை இக்கட்டுரை வைகை அணைச் சுற்றுவட்டாரப் பேச்சுச் சூழலிலிருந்து அமைத்த எடுத்துக்காட்டுகளின் வழி விளக்குகின்றது. குறிப்புப் பொருள், மெய்ப்பாடு, வினா விடை வகை ஆகியவை பற்றித் தமிழ் இலக்கண மரபு வகுத்துள்ள பாகுபாடுகள் இக்குறையைத் தமிழிலேயே கண்டறிவதற்கு உதவும் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வலப்பக்க மூளை, பக்கவாதம், குறிப்புப் பொருள், மெய்ப்பாடு, இறை பயக்கும் விடை, கருத்தாடல்.

முன்னுரை

மூளையின் ஒவ்வொரு பக்கமும் உடலின் எதிர்ப்பக்கத்தை இயக்குகின்றது. எனவே பக்கவாதத்தால் வலக்கையும் வலக்காலும் செயலிழந்தோருக்கு மூளையின் இடப்பக்கமும், இடக்கையும் இடக்காலும் செயலிழந்தோருக்கு மூளையின் வலப்பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். முன்னவருள் பலருக்குப் பேச்சிழப்பு நேர்கின்றது. சொல் வாராமையும் பொருள் விளங்காமையும் முதல் நாளிலேயே வீட்டாருக்குப் புலப்பட்டுவிடும். பின்னவர் பேசுகின்றனர், பெயரும் ஊரும் கூறுகின்றனர், கேட்ட வினாவிற்கு விடை தருகின்றனர். கை கால் விளங்காவிடினும் பேச்சு நிற்கின்றதே என வீட்டார் ஆறுதல் கொள்கின்றனர்.

சில மாதங்கள் கழித்து அவ்வீட்டார் கூறும் கூற்று பெரும்பாலும் இவ்வாறு அமையும்: "நல்லாத்தான் பேசுறாரு." இக்கூற்றில் வரும் 'தான்' என்னும் இடைச்சொல் கருதத்தக்கது. நன்றாகப் பேசுகிறார், ஆனால் ஏதோ ஒன்று குறைகின்றது என்னும் எஞ்சிய பொருளை அது தாங்கி நிற்கின்றது. ஓகார இடைச்சொல்லின் பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறும் 'ஒழியிசை' இத்தகைய எஞ்சிய பொருளையே சுட்டும். வீட்டார் குறிப்பாற் கூறிய இக்குறையை மருத்துவர் உணர்ந்தாலன்றி நோயறிதல் தொடங்குவதில்லை.

தேனி மாவட்டத்தில் வைகை அணைக்கு அண்மையில், க.விலக்கில் அரசு தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ளது. ஆண்டிபட்டி வட்டாரத்தினரும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களிலிருந்து வருவோரும் நாடும் பெரிய அரசு மருத்துவமனை இது. வேளாண்மையைச் சார்ந்த இப்பகுதியில் நீர், நிலம், விலை, உறவு பற்றிய பேச்சு பெரும்பகுதியும் குறிப்பால் நடைபெறுவது. எனவே குறிப்பை இழந்த பேச்சு வாழ்க்கையை எவ்வாறு தாக்கும் என்பதை விளக்க இச்சூழல் பொருத்தமானது. இக்கட்டுரையில் தரப்படும் உரையாடல்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. நோயாளர் பதிவுகள் அல்ல.

1. மொழியில் வல மூளையின் இடம்

பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா 1861ஆம் ஆண்டிலும் அதனைத் தொடர்ந்தும் வெளியிட்ட ஆய்வுகள் பேச்சாற்றலை இட மூளையோடு இணைத்தன. செருமானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே 1874இல் மொழியுணர்வுக்கும் அப்பக்கமே களம் என நிறுவினார். ஒலி, சொல், தொடர் என்னும் கூறுகளைப் பொறுத்தவரை வலக்கைப் பழக்கமுடையோருள் மிகப்பெரும்பாலோர்க்கு இம்முடிவு இன்றும் பொருந்துகின்றது. இதன் பக்கவிளைவாக, வல மூளைக்கு மொழியில் பங்கில்லை என்னும் எண்ணம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைபெற்றது.

1962இல் ஜான் ஐசன்சன் வலப்பக்கப் பாதிப்புற்றோரிடம் நுண்ணிய மொழிமாற்றங்கள் உள்ளன எனக் காட்டினார். 1970களிலும் 1980களிலும் ஹோவர்டு கார்டுனர், எல்லன் வின்னர், ஹைரம் பிரவுனல், பெனலோப்பி மையர்ஸ், எலியட் ராஸ் முதலியோரின் ஆய்வுகள் இக்களத்தை விரிவாக்கின. இட மூளை சொல்லையும் தொடரையும் முதன்மையாக ஆள்கின்றது. அத்தொடர் இவ்விடத்தில், இவரால், இக்குரலில் கூறப்படும்போது பெறும் பொருளை உணர்வதில் வல மூளைக்குக் கணிசமான பங்குண்டு என்பது இவ்வாய்வுகளின் சாரம். இரு பக்கங்களும் இணைந்தே மொழியை இயக்குகின்றன என்பதைப் பிற்கால மூளைப்படிம ஆய்வுகள் வலியுறுத்துகின்றன. ஆதலின் இப்பாகுபாட்டை மிகுதி குறைவு பற்றியதாகக் கொள்ளல் வேண்டும்.

வலப்பக்கப் பாதிப்புற்ற அனைவருக்கும் இக்குறை நேர்வதில்லை. ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கும் மேற்பட்டோருக்கோ இது காணப்படுவதாக மதிப்பிடப்படுகின்றது. ஒருவருக்குக் குரல் மட்டும் மாறலாம். மற்றொருவருக்குக் குறிப்புணர்வு மட்டும் குன்றலாம். வேறொருவருக்கு எல்லாக் கூறுகளும் ஒருங்கே தாக்குறலாம்.

2. வெளிப்படையும் குறிப்பும்

சொற்பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் தோன்றும் என்பது தொல்காப்பியம் முதலாக வரும் கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த பவணந்தியாரின் நன்னூல், ஆகுபெயர், அன்மொழித்தொகை, தகுதி வழக்கு முதலியவற்றைக் குறிப்பாற் பொருள் தருவனவாகத் தொகுத்து, ஏனையவற்றை வெளிப்படை என்கின்றது. நாள்தோறும் நிகழும் பேச்சிலும் இவ்விரு நிலைகள் உள்ளன.

"அணை 66 அடியைத் தொட்டுருச்சாம்" என்னும் செய்தியைக் கருதலாம். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீர்த்தேக்க உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதலாம் வெள்ள அபாய எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்படுவது வழக்கம். கரையோர ஊரார்க்கு 66 என்பது வெறும் எண்ணன்று. ஆற்றில் இறங்காதே, கரையில் கட்டிய மாட்டை அவிழ்த்து வா என்னும் ஏவல் அதனுள் அடங்கியுள்ளது. வலப்பக்கப் பாதிப்புற்ற ஒருவர் இவ்வெண்ணைப் பிழையின்றித் திருப்பிக் கூறக்கூடும். அணை எப்போது கட்டப்பட்டது என்றும் விளக்கக்கூடும். அதிலிருந்து தாம் செய்ய வேண்டுவதை வருவித்துக்கொள்ளும் படியிலேயே தடை நேர்கின்றது.

"தண்ணி தொறந்துட்டாங்களாம்" என்னும் தொடர் மேலும் நுண்ணியது. ஜூன் மாதத் தொடக்கத்தில் கம்பம் பள்ளத்தாக்கு உழவரிடம் கூறப்படின், முல்லைப் பெரியாற்று நீர் வருகின்றது, முதல்போக நாற்றங்காலுக்கு ஆயத்தமாகுக என்பது பொருள். சித்திரையில் மதுரைக்காரரிடம் கூறப்படின், அழகர் இறங்கும் வைகையில் நீர் ஓடும் என்னும் மகிழ்ச்சி அதன் பொருள். மழைக்காலத்தில் ஆற்றோரம் துணி துவைப்பவரிடம் கூறப்படின் அது எச்சரிக்கை. சொல் ஒன்று, காலமும் இடமும் கேட்போரும் மாறப் பொருள் மூன்று. இச்சூழற்கூறுகளை ஒருங்கே சேர்த்துப் பொருத்தமான ஒன்றைத் தெரிவதே வல மூளைப் பாதிப்பில் தளரும் ஆற்றல்.

வின்னரும் கார்டுனரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கின்றது. நெஞ்சு கனத்தல் போன்ற உருவக வழக்கைக் கூறி, அதற்குரிய படத்தைத் தேர்ந்தெடுக்கும்படி நோயாளர் கேட்கப்பட்டனர். வலப்பக்கப் பாதிப்புற்றோர் அவ்வழக்கின் பொருளை வாய்மொழியாக விளக்க முடிந்தும், பெரிய இதயத்தைச் சுமந்து தள்ளாடும் மனிதன் போன்ற நேர்ப்பொருட் படங்களை மிகுதியாகத் தெரிந்தனர். இடப்பக்கப் பாதிப்புற்றோர் விளக்க இயலாமல் திணறினும் உரிய படத்தைத் தெரிந்தனர்; நேர்ப்பொருட் படங்களைக் கண்டு நகைத்தனர். சொல்லறிவும் குறிப்புணர்வும் வெவ்வேறு வழியில் சிதையக்கூடியவை என்பது இதனால் புலனாயிற்று.

பொருந்தாப் பொருளை விலக்க இயலாமையும் இங்குக் கருதத்தக்கது. "எனக்கே காது குத்துறியா?" என்னும் தொடரைக் கேட்கும்போது குழந்தைக்குச் செய்யும் காதணிச் சடங்கும், ஏமாற்றுதல் என்னும் வழக்குப் பொருளும் ஒருங்கே மனத்தில் எழுகின்றன. சூழலுக்கு ஒவ்வாத ஒன்று நொடியில் அடங்கிவிடுகின்றது. வலப்பக்கப் பாதிப்புற்றோர் சிலரிடம் அவ்வாறு அடங்கவேண்டிய பொருள் நெடுநேரம் உயிர்ப்புடன் நின்று இடர் தருகின்றது எனக் கானி டாம்ப்கின்ஸின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஏமாற்றுதல் பற்றிய சண்டையின் நடுவே ஒருவர் காதுகுத்து விருந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது கேலியாகவோ அலட்சியமாகவோ கொள்ளப்படும். உண்மையில் அவர் விலக்க இயலாத ஒரு பொருளின்பின் சென்றிருக்கின்றார்.

3. ஓசையும் மெய்ப்பாடும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் தோன்றும் களங்களையும் கூறுகின்றது. உள்ளத்து உணர்ச்சி உடலிலும் குரலிலும் புலப்பட்டுப் பிறரால் அறியப்படுதலே மெய்ப்பாட்டின் அடிப்படை. இவ்வறிதலும் புலப்படுத்தலும் வல மூளைப் பாதிப்பால் குன்றுவதுண்டு.

ராசும் மெசுலமும் 1979இல் விவரித்த நோயாளருள் ஒருவர் பள்ளி ஆசிரியை. நோய்க்குப் பின் அவர் குரல் ஒரே சீராக ஒலித்ததால் வகுப்பை அடக்க அவரால் இயலவில்லை. அவர் சினந்திருப்பதை மாணவர் உணரவில்லை. குரல் தரவேண்டிய உணர்ச்சியை அவர் சொல்லாலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. அவர் உள்ளத்தில் சினம் இருந்தது; அதனைக் குரலில் ஏற்றும் வழியே அடைபட்டிருந்தது. ராஸ் 1981இல் இத்தகைய குறைகளை, உணர்ச்சியோசையை வெளிப்படுத்த இயலாமை, உணர இயலாமை, திருப்பிக் கூற இயலாமை எனப் பகுத்து வகைப்படுத்தினார்.

தமிழ்ச்சூழலில் இக்கூறு தனிக்கவனம் பெறத்தக்கது. தமிழில் ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவை 'ஆ' என்னும் இடைச்சொல் காட்டிவிடுகின்றது. ஐயத்தை ஓகாரமும், பிறர்வழி அறிந்த செய்தியை 'ஆம்' ஈறும் காட்டுகின்றன. இவை சொல்வடிவில் அமைந்தவை ஆதலின் வலப்பக்கப் பாதிப்புற்றோரிடம் எஞ்சி நிற்றல் கூடும். ஆனால் "அப்படியா" என்னும் ஒரு சொல் வியப்பா, ஐயமா, சலிப்பா, ஏளனமா என்பதை ஓசையே கூறவேண்டும். "நல்லா வந்த போ" என்பது வரவேற்பா வசையா என்பதையும் குரலே தீர்மானிக்கின்றது. இவ்வோசை உணரப்படாதபோது ஏளனம் புகழ்ச்சியாகவும், விளையாட்டுச் சினம் உண்மைச் சினமாகவும் கொள்ளப்படுகின்றன. ஓசை வெளிப்படாதபோது இறப்புச் செய்தி கேட்டும் "அப்படியா" எனச் சமநிலையில் கூறியவர் கல்நெஞ்சர் ஆகிவிடுகின்றார்.

4. வினாவும் விடையும்

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்துகின்றார். இறுதி மூன்றும் வடிவால் வினா, நோக்கால் வேறு. "வெங்காயம் இருக்கா?" என்பது கடைக்காரரிடம் கொளல் வினா, உள்ளது என விடை கூறி அமைந்துவிடுதல் கடைக்காரருக்குரிய செயலன்று. "மாத்திரை போட்டாச்சா?" என மகள் கேட்பது ஏவல் வினா. வலப்பக்கப் பாதிப்புற்றோர் "இன்னும் இல்லை" எனச் சரியாக விடை கூறி, மாத்திரையை எடுக்காமலே இருப்பின் அது பிடிவாதம் எனப்படுகின்றது.

விடைவகைகள் இன்னும் பயனுடையவை. சுட்டு, மறை, நேர், ஏவல், வினாவெதிர் வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என நன்னூலார் எண்வகை விடை கூறுகின்றார். முதல் மூன்றும் நேர் விடைகள். ஏனைய ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பால் தருவன. "நாளைக்கு அணைக்குப் போயிட்டு வருவமாண்ணே?" என்னும் வினாவிற்கு இவ்வைந்தும் பின்வருமாறு அமையும்.

ஏவல்: "நீ போயிட்டு வாப்பா."
வினாவெதிர் வினாதல்: "வராம இருப்பனா?"
உற்றதுரைத்தல்: "நேத்து நடந்ததுலயே காலெல்லாம் வலிச்சிருச்சு."
உறுவது கூறல்: "வெயில்ல போனா தலை வலிக்கும்."
இனமொழி: "கோயிலுக்கு வர்றேன்."

இவற்றுள் எதிலும் வருவேன், வரமாட்டேன் என்னும் சொல் இல்லை. எதிர்மறை வடிவில் அமைந்த "வராம இருப்பனா?" என்பது உடன்பாடு, உடன்பாட்டு வடிவில் அமைந்த "கோயிலுக்கு வர்றேன்" என்பது அணைக்கு வாரேன் என்னும் மறுப்பு. வடிவிற்கும் பொருளுக்கும் இடையிலுள்ள இத்தொலைவைக் கடப்பதே வல மூளைப் பாதிப்புற்றோர்க்கு அரிதாகின்றது. "கால் வலிச்சிருச்சு" என்பதைக் கேட்டவர் வலிக்கு எண்ணெய் தடவும் முறையைக் கூறிவிட்டு, வருவாரா இல்லையா என மீண்டும் வினவக்கூடும். இதனைக் காது மந்தம் என்றும் மறதி என்றும் கருதுவோர் உளர். கேட்டது கேட்டிருக்கின்றது; நினைவும் நிற்கின்றது; விடையாக அமையும் தொடர்பே அறுந்துள்ளது.

5. பேச்சின் மையம் சிதறுதல்

குறிப்புணர்வு தொடரளவில் மட்டும் நிற்பதில்லை. ஒரு நிகழ்ச்சியின் சாரத்தைப் பிடித்தலும் அதனைச் சார்ந்ததே. குழந்தை அணைப் பூங்காவின் தடுப்பைத் தாண்டி நீரை நோக்கிச் செல்கின்றது. தாய் வேறுபக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கின்றார். காவலர் ஓடி வருகின்றார் என ஒரு படம் வரைந்து காட்டப்படுவதாகக் கொள்ளலாம். பிறர் "புள்ள தண்ணியில விழப்போகுது" என்பர். வலப்பக்கப் பாதிப்புற்ற ஒருவர் தடுப்பின் நிறம், தாயின் சேலை, காவலரின் தொப்பி என உறுப்புகளை எண்ணிக் கூறி, இடரைக் கூறாது விடக்கூடும். உறுப்புகள் அனைத்தும் சரி. அவற்றைக் கோக்கும் இழை இல்லை.

தாமே பேசும்போது இது மிகைப்பேச்சாகவோ குறைப்பேச்சாகவோ வெளிப்படும். கேட்ட வினாவிலிருந்து கிளைத்துக் கிளைத்துச் செல்வோர் உளர்; ஓரிரு சொற்களில் முடித்துக்கொள்வோரும் உளர். பேசும் முறையைப் பிறர்க்கு விட்டுத்தராமை, கேட்போர் முகத்தில் தோன்றும் சலிப்பை உணராமை, முன்பே கூறியதை அறியாது கூறல் ஆகியவையும் காணப்படுகின்றன. அண்ணன், மாமா, மதினி என உறவும் அகவையும் நோக்கிச் சொல்லும் விகுதியும் தெரியும் தமிழ்ச்சமூகத்தில், இடமறியாது வரும் ஒரு கேலியோ வெளிப்படைச் சொல்லோ நெடுங்காலம் மறக்கப்படுவதில்லை. இடக்கரடக்கலும் மங்கல வழக்கும் குன்றிய பேச்சு குடும்பத்தின் மதிப்போடு இணைத்து நோக்கப்படுகின்றது.

நகைச்சுவை பற்றிப் பிரவுனலும் பிறரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு இதனோடு இயைந்தது. துணுக்கின் முடிவைத் தெரியுமாறு கேட்டபோது வலப்பக்கப் பாதிப்புற்றோர் எதிர்பாராமை உடைய முடிவையே நாடினர். ஆனால் அது முன்வந்த கதையோடு பொருந்துவதைக் கருதவில்லை. வியப்பை அவர்கள் உணர்ந்தனர். அவ்வியப்பைக் கதையோடு மீளப் பொருத்தும் செயல் நிகழவில்லை.

6. இடப்புறப் புறக்கணிப்பும் தமிழ் எழுத்தும்

வலப்பக்கப் பாதிப்புற்றோருள் பலர் தம் இடப்புறத்துக் காட்சியை, கண் தெரிந்தும், கவனியாது விடுகின்றனர். தட்டின் இடப்பாதியிலுள்ள சோறு எஞ்சிவிடுகின்றது. இடப்பக்கம் அமர்ந்து பேசுவோர் விடையின்றிப் போகின்றனர். வாசிப்பில் வரியின் தொடக்கமோ சொல்லின் முதலெழுத்தோ விடுபடுகின்றது.

தமிழ் எழுத்தமைப்பு இங்கு ஒரு தனிச்சிக்கலை எழுப்புகின்றது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்யெழுத்தின் இடப்பக்கம் எழுதப்படுவன. ஒகர, ஓகாரக் குறிகள் இருபக்கமும் அமைவன. இடப்பகுதி புறக்கணிக்கப்படின் 'கொடு' என்பது 'காடு' ஆகவும், 'பொட்டு' என்பது 'பாட்டு' ஆகவும், 'கொல்' என்பது 'கால்' ஆகவும், 'போட்டி' என்பது 'பாட்டி' ஆகவும் வாசிக்கப்படும் வாய்ப்புண்டு. பிழையாக வாசிக்கப்பட்டதும் பொருளுடைய சொல்லாகவே அமைவதால் பிழை எளிதிற் புலப்படாது. தமிழில் வாசிப்புச் சோதனை அமைப்போர் இத்தகைய இணைச்சொற்களைத் திட்டமிட்டுச் சேர்த்தல் பயன்தரும்.

7. குறையறியாமையும் குடும்பமும்

தம் உடற்குறையைத் தாமே அறியாத நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914இல் பெயரிட்டு விவரித்தார். வல மூளைப் பாதிப்பில் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். செயலிழந்த இடக்கை நன்றாக இயங்குகின்றது எனச் சாதிப்போர் பொய் கூறுவதில்லை. குறையை உணர்த்தும் மூளைப்பகுதியே பாதிப்புற்றுள்ளது.

அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் வாழ்வு இதற்குப் பலரறிந்த சான்று. 1974 டிசம்பர் 31 அன்று அவருக்கு வலப்பக்க மூளையில் பக்கவாதம் ஏற்பட்டு இடப்பக்கம் செயலிழந்தது. அவர் பேச்சாற்றலை இழக்கவில்லை. ஆனால் செயலிழப்பை மறுத்தார். தம்முடன் நெடுநடை வருமாறு செய்தியாளரை அழைத்தார். பணியில் தொடரவே முனைந்தார். 1975 நவம்பரில் அவர் ஓய்வு பெறும்வரை நீதிமன்றம் இடருற்றது. சொல்வன்மை எஞ்சியிருப்பதே தீர்ப்புத்திறனும் எஞ்சியிருப்பதற்குச் சான்றாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

சிற்றூர்க் குடும்பத்தில் இதன் விளைவு வேறு வடிவங்கொள்ளும். நிலத்தைக் குத்தகைக்கு விடுதல், கடன் பத்திரத்தில் கையொப்பமிடல், மகள் திருமணம் பேசுதல் ஆகியவற்றில் எதிர்த்தரப்பாரின் தயக்கத்தையும் நயவஞ்சகத்தையும் குரலாலும் முகத்தாலும் உணரவேண்டியுள்ளது. அவ்வுணர்வு குன்றியவர் தெளிவாகப் பேசுவதால் எவரும் ஐயுறுவதில்லை. மறுபுறம், மனைவியின் அழுகைக்கு முகம் மாறாதவர் அன்பற்றவர் எனப்படுகின்றார். நோயாளருக்குக் குறை தெரியாது. குடும்பத்தார்க்கு அது நோய் எனத் தெரியாது. இவ்விரு அறியாமைகளுக்கும் இடையே உறவு முறிகின்றது.

8. கண்டறிதலில் உள்ள இடைவெளி

பக்கவாதத்தின் கடுமையை அளக்க உலகெங்கும் பயன்படும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் அளவுகோலில் மொத்தப் புள்ளிகள் 42. அவற்றுள் மொழியோடு நேரடித் தொடர்புடையவை 7. புறக்கணிப்பிற்கு உரியவை 2. எனவே ஒரே புள்ளி பெற்ற இருவருள் வலப்பக்கப் பாதிப்புற்றவரின் மூளைச்சேதம் மிகுதியாக இருத்தல் கூடும் என ஆய்வுகள் காட்டியுள்ளன. பேச்சு உள்ளதா என்னும் வினாவை மட்டும் கேட்கும் கருவியில் குறிப்பிழப்பு பதிவாவதில்லை.

சட்டநிலையிலும் இதே போக்கு உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கின்றது. அவற்றுள் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சுட்டப்படுவன குரல்வளை நீக்கமும் பேச்சிழப்பும் ஆகும். சொல் வளம் நிற்கக் குறிப்புணர்வு குன்றியவரின் நிலை இவ்விளக்கத்துள் எளிதில் அடங்குவதில்லை.

9. தமிழில் மதிப்பீடும் பயிற்சியும்

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இவ் ஜோனெட்டும் குழுவினரும் 2004இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட மதிப்பீட்டு முறை உருவகம், மறைமுகக் கூற்று, உணர்ச்சியோசை, உரையாடல், கதை கூறல் ஆகியவற்றைத் தனித்தனியே சோதிக்கின்றது. அது பின்னர் இசுப்பானியம், போர்த்துகீசியம், இத்தாலியம் ஆகிய மொழிகளுக்குத் தகவமைக்கப்பட்டது. இம்முயற்சி மொழிபெயர்ப்பால் மட்டும் நிறைவுறாது. குறிப்பு ஒவ்வொரு பண்பாட்டிலும் வேறாக அமைவது. பிறமொழித் துணுக்கைத் தமிழில் பெயர்த்தால் நலமுடையோரும் நகைக்கமாட்டார்.

தமிழ் இலக்கணம் இங்குக் கைகொடுக்கின்றது. அறுவகை வினாவும் எண்வகை விடையும் மறைமுகக் கூற்றுச் சோதனைக்கு ஆயத்தமான சட்டகம். நேர் விடை மூன்றும் உணரப்பட்டு, குறிப்பு விடை ஐந்தும் உணரப்படாதெனின் குறை எங்குள்ளது என்பது தெளிவாகும். எண்வகை மெய்ப்பாடுகளை "அப்படியா", "சரி" போன்ற ஒரே சொல்லில் ஏற்றிப் பதிவுசெய்து உணர்ச்சியோசைச் சோதனை அமைக்கலாம். ஆகுபெயரும் மரபுத்தொடரும் வட்டார வழக்கும் குறிப்புச் சோதனைக்குத் தரவாகும். நோயாளரின் கல்வி, வட்டாரம், காது கேட்கும் திறன், மனச்சோர்வு, நோய்க்கு முன் அவர் பேசிய இயல்பு ஆகியவற்றைச் சேர்த்து நோக்கியே முடிவு கொள்ளல் வேண்டும். இயல்பிலேயே சிறுசொல்லர் ஒருவரின் மௌனம் நோயன்று.

1965இல் மைசூரில் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் போன்ற அமைப்புகள் பேச்சு மருத்துவரைப் பயிற்றுகின்றன. தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவச் சேவை வீடுகளுக்கே செல்கின்றது. கை காலுக்குப் பயிற்சி தரச் செல்லும் பணியாளர், நோய்க்குப் பின் பேச்சின் தொனி மாறியுள்ளதா, கேலி புரிகின்றதா, பேச்சு எல்லை மீறிச் செல்கின்றதா என மூன்று வினாக்களைக் குடும்பத்தாரிடம் கேட்பின், மறைந்திருக்கும் குறை வெளிப்படத் தொடங்கும். நோயாளரே தம் குறையை அறியாராதலின் வினா குடும்பத்தாரை நோக்கியதாக இருத்தல் இன்றியமையாதது.

பயிற்சிமுறைகள் சிலவும் உள்ளன. குரலில் உணர்ச்சியை ஏற்றப் பிறர் கூறியதைப் பின்பற்றிக் கூறலும், உணர்ச்சியின் பெயர், அதற்குரிய குரற்பண்பு, முகக்குறி ஆகியவற்றை அட்டையில் எழுதிப் படிப்படியாகப் பயிலலும் சோதிக்கப்பட்டுள்ளன. உருவகத்தின் இரு சொற்களுக்கும் உரிய பண்புகளை வரைபடமாக எழுதிப் பொதுப்பண்பைத் தேடச் செய்வதும் சிலருக்குப் பயன் தந்துள்ளது. வீட்டார் கைக்கொள்ளத்தக்க முறைகள் எளியவை: குறிப்பை விடுத்து வெளிப்படையாகக் கூறுதல், "எனக்கு வருத்தமா இருக்கு" என உணர்ச்சியைச் சொல்லால் அறிவித்தல், ஒருவர்பின் ஒருவராகப் பேசுதல், தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் பேசுதல், தொடக்கக் காலத்தில் அவர் கவனிக்கும் வலப்பக்கம் அமர்ந்து பேசி, பயிற்றுநர் வழிகாட்டுதலோடு சிறிது சிறிதாக இடப்பக்கத்திற்குக் கவனத்தை ஈர்த்தல், பேச்சு விலகும்போது முன்பே ஒப்புக்கொண்ட சைகையால் உணர்த்துதல், பெரிய முடிவுகளில் நம்பிக்கைக்குரிய ஒருவரை உடனிருத்தல்.

முடிவுரை

வலப்பக்க மூளைப் பாதிப்பு சொல்லை விட்டுவைத்துக் குறிப்பைக் குன்றச் செய்கின்றது. சொல் நிற்பதால் மருத்துவக் கணக்கில் குறை பதிவாவதில்லை. குறிப்பு நீங்குவதால் குடும்ப வாழ்வில் குறை நாள்தோறும் பதிவாகின்றது. இவ்விடைவெளியை நிரப்பத் தமிழ்வழி மதிப்பீட்டுக் கருவி தேவை. அதனை உருவாக்கப் பேச்சு மருத்துவரின் நோயறிவும், தமிழ்த்துறையினரின் இலக்கண அறிவும், வைகைக் கரையிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வழங்கும் பேச்சை அறிந்த வட்டார வழக்கு ஆய்வாளரின் தரவும் ஒன்றுசேர வேண்டும். வினா விடை வகைகளும் மெய்ப்பாடுகளும் வகுப்பறைப் பாடமாக மட்டும் பயிலப்பட்டு வருகின்றன. அவற்றைச் சோதனைத் தொடர்களாக அமைத்து, நலமுடையோரிடம் முதலில் அளந்து, பின்னர் நோயாளரிடம் பயன்படுத்துதல் அடுத்த படியாகும். அதன்வழி, குணம் மாறிவிட்டார் எனப் பழிக்கப்படும் ஒருவர் உதவி பெறவேண்டிய நோயாளர் என வீட்டாரால் உணரப்படுவார்.